ஓக்லியில் ஒரு கல்யாணம், ஏதென்ஸில் ஒரு தேர்தல்

சிட்னி சென்ட்ரல் நிலையத்திலிருந்து மெல்பேர்ணுக்குப் போகும் பகல் ரயில் காலை எட்டு மணிக்குச் சற்று முன் புறப்படுகிறது. 2012 ஜூன் 14, வியாழக்கிழமை, அதைப் பிடிப்பதற்காக வென்ட்வேர்த்வில்லில் தோழி வீட்டிலிருந்து விடியமுன்னமே கிளம்பினேன். ஜூன் என்றால் அங்கே மாரிகாலம், கடுங்குளிர். மன்னார் வெயிலில் ஐம்பத்தெட்டு வயது வரை காய்ந்த உடம்பு எனக்கு. இரண்டு ஸ்வெட்டர், தோழியின் கணவரின் கோட், அதற்குள்ளே சேலை என்று ஒரு மூட்டையாக மேடையில் நின்றேன்.

மெல்பேர்ணில் என் தங்கை பிலோமினாவின் மகள் அபிக்குச் சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை நிக், கிரேக்கப் பிள்ளை. பிறந்து வளர்ந்தது எல்லாம் மெல்பேர்ணில்தான். நாங்கள் கத்தோலிக்கர். அவர்களுடைய கிரேக்கச் சபைக் கோயிலில் எங்கள் ஞானஸ்நானத்தை ஏற்றுக்கொள்வதால் கல்யாணத்துக்குத் தடையிருக்கவில்லை. எனக்கு விமானத்தில் போக இடம் எடுத்துத் தருவதாகத்தான் தங்கை முதலில் சொன்னாள். பிறகு திடீரென்று தொலைபேசியில் வேறு கதை வந்தது.

"அக்கா, நிக்கின்ர பெரியப்பாவும் பெரியம்மாவும் கிரீஸில இருந்து சிட்னிக்கு வந்து நிக்கினம். அந்த மனுசி இனிப் பிளேன் ஏறமாட்டன் எண்டு ரயிலில வருகுதாம். நீங்களும் அவையளோட வாங்கோ. கவனமாக் கதையுங்கோ. எங்கட குடும்பத்தில அவை முதல் பார்க்கப்போற ஆள் நீங்கள்தான்."

தொண்ணூறு டொலருக்குக் கொஞ்சம் மேலே போனது டிக்கெட். ஏறக்குறைய தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீற்றர், பதினொரு மணித்தியாலப் பயணம்.

அடையாளம் தேடிக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. மேடையில் சேலை கட்டியவள் நான் ஒருத்திதான். கட்டையாக, உருண்டையாக, கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நேரே வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்து, "எலேனி" என்றார். பின்னால் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்த உயரமான மனிதர் ஸ்டாவ்ரோஸ். நான் ரெஜினா என்றதும், அது ராணி என்று பொருள்படும் பெயர் என்று அவர் மனைவிக்கு விளக்கினார். அதன்பிறகு பயணம் முழுக்க ராணியம்மாவுக்கு ஜன்னலோரம், ராணியம்மாவுக்கு முதல் துண்டு என்று ஒரே மரியாதை.

அவர்கள் பேசியது ஆங்கிலம். 1970களில் இருவரும் மெல்பேர்ணில் பிஸ்கற் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து, அங்கேயே சந்தித்துக் கல்யாணம் கட்டியவர்கள். மகன் பெட்ரோஸ் பிறந்ததும் மெல்பேர்ணில்தான். அவன் நடக்கத் தொடங்கிய காலத்தில், நாடு நன்றாக வரப்போகிறது என்று நம்பித் திரும்பிப் போய்விட்டார்கள். ஸ்டாவ்ரோஸ் பிரேயஸ் துறைமுகத்தில் படகுக்காரருக்குக் கயிறும் பெயின்ரும் விற்கும் கடை வைத்தார். எலேனி அரச மருத்துவமனை ஒன்றின் குசினியில் சமையல் வேலை செய்து ஓய்வு பெற்றார். தொழிற்சாலையில் படித்த ஆங்கிலம் இருவரிடமும் அப்படியே இருந்தது. அதை எழுதும்போது எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோல்பேர்ண் தாண்டும்வரை வெளியே பனி வெள்ளையாகக் கிடந்தது. புல்வெளி, செம்மறி ஆடுகள், மறுபடி புல்வெளி. எலேனி பையைத் திறந்து, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட பணியாரம் ஒன்றை எடுத்தார். நான் தோழி கட்டித் தந்த மீன் கட்லட்டை எடுத்தேன். மூன்று பேரும் மாறி மாறிச் சாப்பிட்டோம். கட்லட்டில் என்ன உறைப்பு என்று ஸ்டாவ்ரோஸ் கண்ணில் நீர் வரக் கேட்டுக்கொண்டே நாலாவதை எடுத்தார்.

நான் என்ன வேலை செய்தேன் என்று கேட்டார்கள். மன்னார்க் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞர் என்றேன். தேர்தல் வந்தால் எங்களைத்தான் வாக்குச்சாவடிகளுக்கு அனுப்புவார்கள் என்றும், பெரும்பாலான வருடங்களில் நான் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றும் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

கதை பிறகு வெளியே வந்தது. அவர்களுடைய நாடு கடனில் மூழ்கியிருந்த நேரம் அது. கடன் கொடுத்தவர்கள் சம்பளத்தைக் குறை, ஓய்வூதியத்தைக் குறை, வரியைக் கூட்டு என்று நெருக்கிக்கொண்டிருந்தார்கள். மே மாதம் நடந்த தேர்தலில் ஒருவராலும் ஆட்சி அமைக்க முடியவில்லை. அதனால் ஜூன் 17 ஞாயிற்றுக்கிழமை, அபியின் கல்யாணத்துக்கு மறுநாள், மறுபடி தேர்தல். பேருக்குத்தான் அது பாராளுமன்றத் தேர்தல். சிக்கனத்துக்குச் சம்மதமா இல்லையா, யூரோவோடு இருப்பதா பழைய நாணயமான திராக்மாவுக்குத் திரும்புவதா என்ற வாக்கெடுப்பாகவே எல்லோரும் அதைப் பார்த்தார்கள். வெளிநாட்டில் நின்றுகொண்டு வாக்களிக்க வழியில்லை. ஊரில் நின்றால்தான் வாக்கு.

ஸ்டாவ்ரோஸ் யூரோ பக்கம். திராக்மா வந்தால் அடுத்த நாள் காலை வெளிநாட்டுக் கயிறு ஒரு முழம்கூட வாங்கமுடியாது, கடையைப் பூட்டவேண்டியதுதான் என்பது அவர் கட்சி. எலேனி எதிர்ப்பக்கம். ஓய்வூதியத்தை வெட்டினார்கள், மருந்து விலையை ஏற்றினார்கள், நில அளவையாளராக இருந்த மகனின் வேலையும் போய் ஒன்றரை வருடமாகிறது, இதற்கு மேல் எதற்குப் பயப்படச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். கேட்கும்போது குரல் உயர்ந்துவிட்டது. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்தபிறகுதான் இந்த இரண்டாம் தேர்தல் அறிவிப்பு வந்ததாம். நீ போ, நான் பிறகு வாறன் என்று இருவருமே சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் பின்தங்கினால் ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்குக் கூடிவிடும். கடைசியில் வீட்டுச் சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று, இரண்டு பேருமே வாக்களிக்காமல் கல்யாணத்துக்குப் போவது என்று சத்தியம் செய்துகொண்டார்களாம். இரண்டு வாக்கும் கழிபட்டுக் கணக்குச் சரி.

"ஆனால் யோசிச்சுப் பார்த்தால், கல்யாணம் கட்டின நாளிலயிருந்து எங்கட வீட்டு வோட்டு இப்பிடித்தான் கழிபடுது" என்றார் ஸ்டாவ்ரோஸ். எலேனிகூடச் சிரித்துவிட்டார்.

வாகா வாகா நிலையம் தாண்டிய பிறகு ஸ்டாவ்ரோஸ் கோப்பி வாங்க உணவுப் பெட்டிக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் எலேனி என் பக்கம் சாய்ந்தார். தான் சத்தியத்தை மீறவில்லை, ஆனால் பெட்ரோஸைத் தொலைபேசியில் அழைத்து, அம்மாவுக்காக இந்த முறை இந்தப் பக்கம் போடு என்று சொல்லியிருப்பதாகவும், அவன் சரி என்றதாகவும் காதுக்குள் சொன்னார். ஸ்டாவ்ரோஸுக்குத் தெரியக்கூடாது. நான் தலையாட்டினேன்.

ஓல்பரியில் மறே ஆற்றைக் கடந்து விக்டோரியா மாநிலத்துக்குள் வந்தோம். தண்டவாளம் சரியில்லையோ என்னவோ, அதன்பிறகு ரயில் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. எலேனி வாயைத் திறந்தபடி உறங்கிப்போனார். ஸ்டாவ்ரோஸ் மெதுவாக அவருடைய கோட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டு, என்னிடம் குனிந்தார்.

"ராணியம்மா, நீங்கள் வாக்குப்பெட்டியோட இருந்த ஆள். ரகசியம் காப்பீங்கள். நான் மகனிட்டச் சொல்லியிருக்கிறன், அப்பாவுக்காக யூரோ பக்கம் போடு எண்டு. அவன் ஓமெண்டவன்."

எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏழு மணி கடந்து சதேர்ண் குறொஸ் நிலையத்தில் இறங்கினோம். தங்கை, மச்சான், அபி எல்லோரும் வந்திருந்தார்கள். எலேனி என்னுடைய கையைக் கோர்த்தபடி இறங்கியதைக் கண்டபிறகுதான் தங்கையின் முகம் தெளிந்தது.

வெள்ளிக்கிழமை பகல் கிளென் வேவர்லியில் தங்கை வீட்டில் பலகார வேலை. மாலை, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். நிக்கின் தகப்பன் அன்ட்ரேயஸ் ஸ்டாவ்ரோஸின் தம்பி, ஓக்லியில் தரைக்கு ஓடு பதிக்கும் தொழில் செய்கிறவர். எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணித்தியாலம்.

கல்யாணத்துக்கு முன் மணமக்களின் கட்டிலை விரிப்பது அவர்கள் வழக்கம். பெண்கள் எல்லோரும் சேர்ந்து புது விரிப்பைப் போட்டு, பூவிதழும் அரிசியும் சீனி பூசிய பாதாமும் தூவுகிறார்கள். பிறகு பிள்ளைப் பேறுக்காக ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்து கட்டிலில் உருட்டிவிடுகிறார்கள். அன்றைக்கு உருட்டப்பட்டது எங்கள் மச்சானின் மருமகள் பெற்ற எட்டு மாதப் பெடியன். அவன் அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, தூக்க வந்தவர்களை எல்லாம் உதைத்தான். கிரேக்கப் பெண்கள் பாட, எங்கள் பெண்கள் கைதட்ட, கட்டிலில் இருந்த அபிக்கு வெட்கமும் சிரிப்பும் தாங்கமுடியவில்லை.

நான் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். எலேனி கைபேசியைக் காதில் வைத்தபடி நின்றார். பெட்ரோஸ் நேற்றிலிருந்து எடுக்கவில்லையாம். வழக்கமாக இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவானாம். வேலை போனபிறகு வாடகைக்கார் ஓட்டுகிற பிள்ளை, ஏதாவது நடந்திருக்குமோ என்றபோது கண் கலங்கிவிட்டது. தேர்தல் கதையை அவர் எடுக்கவே இல்லை. நான் ஆறுதல் சொல்லிவிட்டுப் பின்வளவுக்குப் போனால், அங்கே மரத்தடியில் ஸ்டாவ்ரோஸ் இன்னொரு கைபேசியோடு நிற்கிறார். அவருக்கும் பதில் இல்லை.

"எலேனிக்குச் சொல்லாதேயுங்கோ, பயந்துபோயிடுவாள்" என்றார்.

இரண்டு பேரின் ரகசியத்தையும் சுமந்துகொண்டு நான் வீட்டுக்கு வந்தேன். பெடியனுக்கு ஒன்றும் நடந்திருக்கக்கூடாது என்று செபமாலை சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.

சனிக்கிழமை மதியம் வானம் பளிச்சென்று இருந்தது. கிரேக்கர்களின் வழக்கப்படி, மாப்பிள்ளை கோயில் வாசலில் பூச்செண்டோடு நின்று பெண்ணை எதிர்கொள்ள வேண்டும். அவனுக்குப் பக்கத்தில் தோழன் நிற்பான். சடங்கில் அந்தத் தோழனுக்குத்தான் பெரிய இடம். மணமக்களின் தலையில் கிரீடம் மாற்றுவது அவன். நிக் தன் தோழன் யார் என்று கடைசிவரை வாய்திறக்கவில்லை. கூடப் படித்தவன் ஒருவன் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

நாங்கள் போனபோது படியில் நிக்கோடு நின்றவன் உயரமாக, மெலிந்து, நித்திரையில்லாத கண்ணோடு இருந்தான். யாரோ தெரிந்த முகம் போலிருந்தது. யார் என்று கேட்டேன். அபியின் தம்பி என் காதில், "இட்ஸ் எ சப்ரைஸ், பெரியம்மா" என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது ஸ்டாவ்ரோஸின் உயரம், எலேனியின் கண்.

எலேனியையும் ஸ்டாவ்ரோஸையும் ஏற்றிய அன்ட்ரேயஸ் வேண்டுமென்றே சுற்றுவழியில் ஓட்டிக்கொண்டு கடைசியாக வந்தார். கார்க் கதவைத் திறந்து எலேனி இறங்கினார். சேலையைத் தூக்குவதுபோல் நீண்ட சட்டையின் கரையைத் தூக்கிக்கொண்டு இரண்டு அடி வைத்தவர், நிமிர்ந்து பார்த்தார். படிகளில் ஏறி, மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவனுடைய கழுத்துப்பட்டியை நேராக்கினார். கன்னத்தில் ஒரு அடி கொடுத்தார். அதே கன்னத்தில் முத்தம் கொடுத்தார். பக்கத்தில் நின்ற கிரேக்கப் பெண்களும் எங்கள் பெண்களும் ஒன்றாக மூக்கை உறிஞ்சினோம்.

ஸ்டாவ்ரோஸ் பின்னால் வந்து மகனைக் கட்டிப்பிடித்தார். விட்டதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை கிரேக்க மொழியில் இருந்தாலும் எனக்கு விளங்கிவிட்டது. நீ இங்கே நின்றால் நாளைக்கு யார் என்று தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்திவிட்டார்.

"நாளைக்கு ஆர், என்ன?" என்று எலேனி கேட்டாராம். நிக் எனக்கு மொழிபெயர்த்தான்.

பெட்ரோஸ் சிரிக்கத் தொடங்கினான். இரண்டு பேரும் ஒரே பின்னேரம், ஒரு மணித்தியால இடைவெளியில் தனக்கு அழைப்பு எடுத்ததையும், இருவருக்கும் தான் ஓம் என்று சொன்னதையும் கோயில் வாசலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். எலேனி ஸ்டாவ்ரோஸைப் பார்த்தார், ஸ்டாவ்ரோஸ் எலேனியைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

"உங்களுக்கு ரெண்டும் தெரியும்" என்றார் எலேனி.

"ஓம்" என்றேன். "இரண்டும் வாக்குப்பெட்டிக்குள்ள போனமாதிரித்தான் இருந்தது."

அந்தச் சிரிப்பு அடங்கமுன் பெண்ணின் கார் வந்துவிட்டது. உள்ளே சுவாமியார் நீண்ட ராகத்தில் ஓதினார். வெள்ளை நாடாவால் இணைத்த இரண்டு கிரீடங்களை அபி தலையிலும் நிக் தலையிலும் பெட்ரோஸ் மூன்று முறை மாற்றினான். ஒன்றையும் விழவிடவில்லை. மேசையைச் சுற்றி மூன்று வலம். வரும்போது அரிசி எறிந்தார்கள், மெல்லத் தூவுவது அல்ல, குறிபார்த்து எறிவது. மாப்பிள்ளையின் காதுக்குள் அரிசி போய்விட்டது.

பின்னேரம் மண்டபத்தில் எங்கள் முறைப்படி தாலி கட்டினோம். அபி கூறைச்சேலையில் வந்தபோது கிரேக்க மாமிமார் எழுந்து நின்றுவிட்டார்கள். நிக்குக்கு முடிச்சு வரவில்லை. படகுக் கயிறு விற்கிற மனிதர் சும்மா இருப்பாரா? ஸ்டாவ்ரோஸ் மேடைக்கே வந்து, எந்த முடிச்சு இழுத்தாலும் அவிழாது என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். தங்கை அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, மூன்று முடிச்சும் மாப்பிள்ளைதான் போடவேண்டும் என்று கீழே இறக்கினாள்.

பிறகு ஆட்டம். அவர்கள் கைகோர்த்து வட்டமாகச் சுற்றிவரும் ஆட்டத்துக்கு எங்களையும் இழுத்தார்கள். நாங்கள் எங்கள் ஊர்ப் பைலாப் பாட்டுப் போட்டு அவர்களை இழுத்தோம். எலேனி பைலாவுக்கு இடுப்பை ஆட்டிய விதத்தைப் பார்த்தவர்கள், அந்த மனுசி நீர்கொழும்பில் பிறந்தவர் என்றுதான் சத்தியம் செய்வார்கள். அவர் ஒரு கையால் என்னையும் மறு கையால் மகனையும் பிடித்திருந்தார். மகனின் கையை அன்றிரவு அவர் விடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் மிஞ்சிய புரியாணிச் சாப்பாடு. ஏதென்ஸில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்திருக்கும், வாக்குச்சாவடி திறக்கும் நேரம். அவுஸ்திரேலியாவில் வாக்களிக்காவிட்டால் தண்டம் கட்டவேண்டும் என்று மச்சான் ஏதோ பேச்சுக்குச் சொன்னார். அப்படியானால் தங்கள் வீட்டில் மூன்று தண்டம் என்றார் ஸ்டாவ்ரோஸ். எல்லோரும் சிரித்தோம். பெட்ரோஸ் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அம்மா, நான் எடுத்தது ஒருவழி டிக்கெட்" என்றான்.

அவன் இங்கே பிறந்தவன். கடவுச்சீட்டு எடுக்க அவனுக்குத் தடையேதும் இருக்கவில்லை. அதை எடுத்து மாதங்கள் ஆகியிருந்தன. சித்தப்பாவோடு ஓடு பதித்துக்கொண்டே, நில அளவை வேலைக்கு வேண்டிய தகுதியை இங்கே சரிசெய்யப் போவதாகச் சொன்னான். எந்தப் பக்கம் வென்றாலும் அதற்காகத் தான் காத்திருக்க முடியாது, முப்பது வயது தாண்டிவிட்டது என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

ஸ்டாவ்ரோஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு காலம் என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றான் மகன்.

எனக்கு எலேனியைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் எழுந்து, தட்டைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"எழும்பு. நீ பிறந்த வீட்டைக் காட்டுறன்."

இரண்டு காரில் பிரன்ஸ்விக் போனோம். பிஸ்கற் தொழிற்சாலை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நின்றன. தெருவை மட்டும் எலேனி ஒரு திருப்பமும் பிழைக்காமல் காட்டினார். சிறிய செங்கல் வீடு. முன்வளவு முழுக்கப் புல்லே இல்லாமல் சீமெந்துத் தரை. ஸ்டாவ்ரோஸ் காரிலிருந்து இறங்கியதும் வீட்டைப் பார்க்கவில்லை, குனிந்து அந்தத் தரையைத் தட்டிப் பார்த்தார். அது அவர் தன் கையால் போட்டது. ஒரு வெடிப்பும் இல்லை என்று எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினார்.

உள்ளேயிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். சேலை கட்டியவர்களும் கிரேக்கர்களுமாக ஒன்பது பேர் தங்கள் தரையைப் பரிசோதிப்பதைக் கண்டு முதலில் திகைத்துப்போனார்கள். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே வரச் சொன்னார்கள். எலேனி ஒரு சிறிய அறையின் மூலையில் மகனை நிறுத்தி, உன் தொட்டில் இதிலதான் கிடந்தது என்றார். அவன் அந்த மூலையில் சப்பாணி கட்டி உட்கார்ந்துகொண்டான். வீட்டுக்காரப் பெண் தேநீர் தந்தபடி, பூச்செடி வைப்பதற்காக முன்வளவுச் சீமெந்தை உடைக்க ஆசைப்பட்டு இரண்டு பேரைக் கூப்பிட்டதாகவும், இருவருமே இது உடையாது என்று போய்விட்டதாகவும் சொன்னாள். ஸ்டாவ்ரோஸுக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. அடுத்த வருடம் தானே வந்து உடைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தார்.

"பார்த்தியா" என்றார் எலேனி மகனிடம். "அப்பா அடுத்த வருசமும் வாறாராம். ஏதோ ஒரு தேர்தலில நான் வெண்டிட்டன்."

திங்கள் காலை முடிவு தெரிந்துவிட்டது. ஓக்லியில் கார் போகாத ஒரு கடைத்தெரு இருக்கிறது. வெயில் விழும் பக்கமெல்லாம் மேசை போட்டு, கிரேக்க முதியவர்கள் காலையிலிருந்தே கோப்பியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கோப்பி மூன்றரை டொலர். அன்றைக்கு மேசைகள் எல்லாம் ஒரே தொலைக்காட்சியைப் பார்க்கத் திரும்பியிருந்தன. யூரோவோடு நிற்கவேண்டும் என்ற பக்கம் மயிரிழையில் முன்னுக்கு வந்திருந்தது. சிலர் கைதட்டினார்கள். சிலர் எழுந்து வெளியே போய்ப் புகைபிடித்தார்கள். இனி என்ன, மறுபடியும் வெட்டுத்தான் என்றார் ஒருவர்.

வென்ற கட்சிக்காரரான ஸ்டாவ்ரோஸும் கைதட்டவில்லை. கடைக்குள் போய், எண்ணெயில் பொரித்துத் தேன் ஊற்றிய உருண்டைப் பலகாரம் ஒரு தட்டு வாங்கிவந்து மனைவியின் முன்னால் வைத்தார். எலேனி அதைப் பார்த்துவிட்டு, கயிறு விக்கிற காசில இன்னும் ரெண்டு தட்டு வாங்கலாம், இவ்வளவு பேர் இருக்கிறம் என்றார். அவர் மறுபடி போனார். எங்கள் மோதகத்துக்குள் இருக்கவேண்டிய இனிப்பு வெளியே வந்ததுபோல ஒரு ருசி. நான் ஆறு சாப்பிட்டேன்.

மறுபடி வியாழக்கிழமை, டல்லமரீன் விமான நிலையம். இனிப் பிளேன் ஏறமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த எலேனி கடைசியில் விமானத்துக்குச் சம்மதித்திருந்தார், ஏதென்ஸுக்கு ரயில் இல்லை என்பதால். அவர்கள் இருவருக்கும்தான் டிக்கெட். பெட்ரோஸும் நானும் தங்கையும் வழியனுப்பப் போனோம்.

எங்கள் ஊரில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆளை வழியனுப்ப ஒரு வான் நிறையப் போவோம். உள்ளே போவது எப்போதும் பிள்ளை. கண்ணாடிக்கு வெளியே நிற்பது தாய் தகப்பன். என் தங்கையையும் நான் அப்படித்தான் அனுப்பினேன். இங்கே எல்லாம் மாறியிருந்தது. தாயும் தகப்பனும் கைப்பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். பிள்ளை வெளியே நின்று கையாட்டினான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு, எந்தப் பக்கம் பார்த்து அழுவது என்றே தெரியவில்லை. வாசல் மூடியதும் அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தங்கை அவன் முதுகைத் தடவினாள்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். அதே வாசல் திறந்தது. எலேனி வெளியே வந்துகொண்டிருந்தார், பின்னால் பெட்டியை இழுத்தபடி ஸ்டாவ்ரோஸ். என்ன மறந்துவிட்டீர்கள் என்று பெட்ரோஸ் ஓடிப்போய்க் கேட்டான்.

"ஒண்டையும் மறக்கேல்லை" என்றார் எலேனி. "வெளியில வரலாமோ எண்டு வாசலில நிண்டவையிட்டக் கேட்டன். வரலாமெண்டினம். வந்தன்."

கட்டுநாயக்காவில் அப்படி ஒருவரும் திரும்பி வந்து நான் கண்டதில்லை. கேட்டுப் பார்க்கலாம் என்றுகூட எங்களுக்குத் தோன்றியதில்லை. விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஐந்து பேரும் போய், விலையைப் பார்க்காமல், ஆளுக்கொரு கோப்பி குடித்தோம்.